ஒரே நாளில் சென்னை சுற்றலாம் வாங்க!

சென்னையில் பாதி லாட்ஜ்களின் ரிசப்ஷன் மேசையில் ஒரு நோட்டீஸ் கிடக்கும். 'ஒரே நாளில் சென்னை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். காலை எட்டரைக்கு ஆரம்பம், மாலை ஆறரைக்கு முடிவு. கோட்டை, எழும்பூர் அருங்காட்சியகம், மயிலாப்பூர் கோயில், சாந்தோம் தேவாலயம், விவேகானந்தர் இல்லம், மெரினா, கிண்டி பாம்புப் பண்ணை, அடையாறு ஆலமரம், கடைசியில் தி.நகர் ஷாப்பிங். மொத்தம் ஒன்பது இடம். வண்டி, கைடு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். நோட்டீசுக்கு நோட்டீஸ் ஒன்றிரண்டு பெயர் மாறும். பட்டியல் மட்டும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

இதற்குப் பணம் கட்டுவது யார்? பாங்காக், சிங்கப்பூர், கொழும்பு என்று ஆசியாவை ஒரு வலம் வருகிற வெள்ளைக்காரத் தம்பதி. அவர்கள் சென்னைக்கு ஒதுக்கியது ஒரு நாள், மறுநாள் மாமல்லபுரம். கொல்கத்தாவிலிருந்து எல்.டி.சி.யில் வரும் மத்திய அரசு ஊழியர். இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போய்வர அவருக்குப் பொதுவாக நான்கு ஆண்டுக்கு ஒரு வாய்ப்புதான். தர்மபுரியிலிருந்து கல்யாணத்துக்கு வந்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று ஒரு நாள் கூடுதலாகத் தங்கும் குடும்பம். மூன்று பேருக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. சென்னைக்கென்று அவர்கள் கையில் இருப்பது ஒரே ஒரு நாள். மறுபடி எப்போது வருவார்கள், வருவார்களா என்பதே தெரியாது.

அந்த ஒரு நாளை இந்த டூர் என்ன செய்கிறது? வாங்கிய காசுக்கு என்ன கொடுக்கிறது? காமர்ஸ் படிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான் இது :-)

முதலில் நேரக் கணக்கு

காலை எட்டரை முதல் மாலை ஆறரை வரை பத்து மணி நேரம். அதாவது 600 நிமிடம். ஒரு பேச்சுக்கு இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாப்பாட்டுக்கு 45 நிமிடம். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போக சராசரியாக 20 நிமிடம் என்றாலும் ஒன்பது இடத்துக்கு 180. சென்னை டிராபிக்கில் இது தாராள மனசோடு போட்ட கணக்கு! இருபத்தைந்து பேர் வண்டியிலிருந்து இறங்கி, கூடி, திரும்ப ஏறி, கைடு தலை எண்ணி முடிக்க இடத்துக்குப் பத்து நிமிடம் என்றால் 90. ஷாப்பிங்குக்கு இன்னொரு 90.

மிச்சம் 195 நிமிடம். ஷாப்பிங் போக மீதி எட்டு இடத்துக்கும் இதைப் பங்கு போட்டால் இடத்துக்கு 24 நிமிடம் சொச்சம்.

இந்த 24 நிமிடத்தில் கபாலீஸ்வரர் கோயில் வாசலில் செருப்பை விட வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், சாமி கும்பிட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், செருப்பைத் தேட வேண்டும். கோயிலைப் பார்ப்பதற்கு எவ்வளவு மிஞ்சும் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. பத்து மணி நேரத்துக்குக் காசு கொடுத்தவர் பார்த்தது மூன்றேகால் மணி நேரம். மற்றதெல்லாம் வண்டிக்கும் வரிசைக்கும் கடைக்கும் போய்விட்டது.

நடை சாத்தும் நேரம்

அடுத்த சிக்கல் கடிகாரம். சென்னையில் கோயில் நடை மத்தியானம் பன்னிரண்டு, பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால் திரும்பத் திறக்க நாலு மணி ஆகும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. தேவாலயத்தில் பூசை நடக்கும்போது கூட்டமாகப் போய் வேடிக்கை பார்ப்பது மரியாதை இல்லை. மத்தியானம் ஒரு மணிக்கு மெரினா மணலில் இறக்கிவிட்டால் வந்தவர் பாடு கருவாட்டின் பாடுதான்.

அப்படியானால் பன்னிரண்டு முதல் நாலு வரை திறந்திருந்து, ஏசியும் போட்டு, வாசலில் ஆள் நின்று வணக்கம் சொல்லும் இடம் எது? கடை! சுற்றுலா நிகழ்ச்சி நிரலில் ஜவுளிக்கடையும் கைவினைப் பொருள் கடையும் எப்படி இவ்வளவு வசதியாக வந்து உட்கார்ந்தன என்பதற்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. நேர அட்டவணையில் ஒரு ஓட்டை இருந்தது, அதைக் கடை அடைத்தது.

மீதிப் பாதி விடை, கமிஷன். அழைத்து வரும் ஆளுக்குக் கடைக்காரர் ஒரு பங்கு கொடுப்பது ஆசியா முழுக்க உள்ள பழக்கம். சென்னை மட்டும் விதிவிலக்கு என்று சொல்ல முடியாது. இது முற்றினால் என்ன ஆகும் என்று பார்க்கத் தாய்லாந்துக்குப் போகலாம். சீனாவிலிருந்து அங்கே வந்த பல குழுக்களுக்கு, ஆகும் செலவைவிடக் குறைந்த கட்டணத்தில் டூர் விற்றார்கள். 'ஜீரோ டாலர் டூர்' என்றே அதற்குப் பெயர். நஷ்டத்தை ஈடுகட்ட ஒரு வழிதான் இருந்தது. வந்தவர்களை நகைக்கடை, தோல்கடை, மருந்துக்கடை என்று கொண்டுபோய் நிறுத்தி வாங்க வைப்பது. வாங்காதவர்களுக்குக் கைடிடம் வசவு. 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சீனாவின் சுற்றுலாச் சட்டம் இப்படிக் கட்டாயப்படுத்திக் கடைக்கு அழைத்துப் போவதைத் தடை செய்தது. 2016-ல் தாய்லாந்து அரசும் இந்த டூர்கள் மேல் கடும் நடவடிக்கை எடுத்தது. அதன் பிறகு சில மாதங்களுக்கு அங்கே போகும் சீனர்களின் எண்ணிக்கையே சரிந்தது. வந்தவர்களில் எத்தனை பேர் அந்த மலிவுக் கட்டணத்தை நம்பி வந்தவர்கள் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

சென்னை டூர்கள் அந்த அளவுக்குப் போய்விட்டன என்று யாரும் சொல்லவில்லை. பாடம் மட்டும் ஒன்றுதான். ஒரு சேவையின் விலை அதன் அடக்கவிலையைவிடக் குறைவாக இருந்தால், மிச்சத்தை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். கொடுக்கிறவருக்குத்தான் அந்த டூர் வேலை செய்யும். அந்த இடத்தில் பயணி வாடிக்கையாளர் என்ற நிலையிலிருந்து இறங்கிச் சரக்காகிவிடுகிறார்.

கைடு பாவம்

இங்கே கைடைத் திட்டுவது சுலபம். அவர் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். நாள் கூலிக்கு வருகிறார். சீசன் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. டிப்ஸும் கமிஷனும் சேர்ந்தால்தான் வீட்டில் அடுப்பெரியும். ஓர் இடத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசும் அளவுக்கு அவருக்கு விஷயம் தெரிந்திருந்தாலும் பேச நேரம் கொடுப்பது யார்? அதனால் இடத்துக்கு ஐந்து வரி என்று ஒரு பாடம் தயாராகிறது. வருஷக்கணக்கில் அதே ஐந்து வரி.

அந்த வரிகள் சரியா தப்பா என்று பார்க்கவும் ஆளில்லை. 'மெரினா உலகத்திலேயே இரண்டாவது நீளமான கடற்கரை' என்பதை எத்தனை கைடுகள், எத்தனை வாத்தியார்கள், எத்தனை பொது அறிவுப் புத்தகங்கள் சொல்லியிருக்கும்! பக்கத்திலிருக்கும் வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார் கடற்கரை சுமார் 120 கிலோமீட்டர். பிரேசிலில் கசினோ கடற்கரை 200 கிலோமீட்டருக்கு மேல். மெரினாவை எப்படி இழுத்துப் பிடித்து அளந்தாலும் அந்தப் பக்கம் போகாது. ஆனால் 24 நிமிடத்தில் சொல்லி முடிக்க 'உலகத்திலேயே இரண்டாவது' போல ஒரு வரி வசதியாக வேறு கிடைக்குமா? எண்ணிக்கையை விற்கும் டூரில் தகவலும் எண்ணிக்கையாகத்தான் வரும்.

இத்தனைக்கும் அதே கடற்கரைச் சாலையில் நல்ல கதை ஒன்று சும்மா நின்றுகொண்டிருக்கிறது. விவேகானந்தர் இல்லம் என்று இன்று அழைக்கப்படும் ஐஸ் ஹவுஸ். 1842-ல் பிரடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி ஐஸ் வைக்கக் கட்டியது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் ஐஸை அறுத்து, மரத்தூள் போட்டு மூடி, கப்பலில் ஏற்றி, பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்து மெட்ராஸ் வெயிலில் விற்றார் அந்த மனிதர்! பிறகு ஐஸை இங்கேயே தயாரிக்க முடிந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. கட்டிடம் கைமாறியது. 1897 பிப்ரவரியில் மேல்நாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். ஒரே கட்டிடத்தில் ஒரு வியாபாரப் பாடமும் ஒரு தேசத்தின் வரலாறும் இருக்கின்றன. டூரில் வருபவருக்குக் கிடைப்பது, 'இது விவேகானந்தர் தங்கிய வீடு, பதினைந்து நிமிஷத்தில் வந்துடுங்க'.

வண்டி பிரிக்கிறது, நடை சேர்க்கிறது

பட்டியல் டூரின் பெரிய நஷ்டம் நேரம்கூட இல்லை. இடங்களுக்கு நடுவில் இருக்கும் தொடர்பு போய்விடுவதுதான்.

மயிலாப்பூர் கோயிலையும் சாந்தோம் தேவாலயத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் அவை மூன்றாம் நம்பர், நான்காம் நம்பர். நடுவில் ஒரு வண்டிப் பயணம். ஆனால் இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள். பழைய கபாலீஸ்வரர் கோயில் கடலோரத்தில் இருந்ததாகவும், 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் காலத்தில் அது அழிந்ததாகவும், இன்றைய கோயில் அதற்குப் பிறகு உள்ளே தள்ளிக் கட்டப்பட்டதாகவும் வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் பக்கம் கிடைத்திருக்கின்றன. ஏசுவின் சீடரான தோமாவின் கல்லறை என்று கிறிஸ்தவர்கள் நம்பும் இடத்தில் போர்த்துகீசியர் கட்டிய தேவாலயமும் இன்று இல்லை. இப்போது நிற்பது 1890-களில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுப்பியது. ஆக, இரண்டு வழிபாட்டு இடங்களும் அழிந்து, மாறி, திரும்ப எழுந்தவை.

இரண்டுக்கும் நடுவே கச்சேரி ரோடு வழியாக ஒரு கிலோமீட்டர் சொச்சம். பேசிக்கொண்டே நடந்தால் இருபது நிமிடம். தெப்பக்குளத்தில் ஆரம்பித்து, பூக்கடை, காபிப்பொடி மணம், மசூதி என்று தாண்டி, கடல் காற்று முகத்தில் அடிக்கும் வரை நடந்தவருக்கு மயிலாப்பூர் ஒரு துறைமுக ஊராக இருந்தது என்பதைக் கைடு சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கால் சொல்லிவிடும். இன்னொரு பக்கம் போனால் லஸ் தேவாலயம், 1516 என்ற ஆண்டைத் தாங்கி நிற்கிறது. மெட்ராஸ் என்ற ஊரைக் கம்பெனிக்காரர்கள் தொடங்கியது 1639-ல்தான். அதற்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இந்தத் தெருக்களில் உலகம் வந்து போயிருக்கிறது. வண்டிக்குள் உட்கார்ந்தால் இது எதுவும் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே வெறும் டிராபிக்தான் தெரியும்.

தி.நகரும் அப்படித்தான். ஷாப்பிங் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். லாங் டேங்க் என்ற பெரிய ஏரியை மூடி 1920-களில் உருவாக்கிய நகர் அது. நீதிக்கட்சி ஆட்சிக் காலம். அதனால் 1916-ல் அந்தக் கட்சியைத் தொடங்கிய மூவரும் இன்றும் அங்கே இருக்கிறார்கள். தியாகராயர் பெயரில் நகரே இருக்கிறது, நடேசன் பெயரில் பூங்கா, டாக்டர் நாயர் பெயரில் ரோடு. அப்போது முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரில் இன்னொரு பூங்கா. பாண்டி பஜாரின் 'பாண்டி' சௌந்தரபாண்டியனார். இருபது நிமிடம் நடந்தால் தமிழ்நாட்டு அரசியலின் முதல் அத்தியாயத்தைப் பெயர்ப்பலகைகளிலேயே படித்துவிடலாம். 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டார்கள். 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆகாய நடைமேடையும் வந்துவிட்டது. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் மாட்டாமல் நடக்க வழி இருக்கிறது. டூர் வண்டி மட்டும் நேராகக் கடை வாசலில் போய் நிற்கிறது.

அடையாறு ஆலமரத்தின் கதி இன்னும் மோசம். பிரம்மஞான சபை 1882-ல் அடையாற்றுக்கு வந்தது. அந்தத் தோட்டத்துக்குள் இருக்கும் மரம் அதைவிடப் பல நூறு வருஷம் மூத்தது. தாய் மரம் 1989-ல் புயல் காற்றில் சாய்ந்துவிட்டது. விழுதுகள்தான் இன்றும் தாங்கி நிற்கின்றன. நிதானமாக ஒரு மணி நேரம் சுற்ற வேண்டிய இடம். தோட்டத்தைப் பார்வையாளருக்குத் திறக்கும் நேரமோ கொஞ்சம். பட்டியலில் பெயர் இருக்கும், நேரமானால் முதலில் கழற்றி விடப்படுவதும் அதுதான்.

எதிர்வாதம் இல்லாமலா?

இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. 'பாட்டியையும் இரண்டு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு மே மாத வெயிலில் கச்சேரி ரோட்டில் நடக்கச் சொல்கிறீர்களா? ஆட்டோக்காரரிடம் பேரம் பேசாமல், வழி தெரியாமல் அலையாமல், கட்டுப்படியாகும் காசில் ஊரைக் காட்டுவது இந்த வண்டிதானே?' என்று தர்மபுரிக்காரர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கார் வைத்திருப்பவர்களும் உள்ளூர்க்காரர்களும் பட்டியல் டூரைக் கிண்டல் செய்வது சுலபம். வண்டி டூர் இல்லாவிட்டால் பல குடும்பங்கள் சென்னையில் எதையுமே பார்க்காமல் ரயில் ஏறிவிடும். அது உண்மை.

அதனால் வண்டி டூரை ஒழிக்க வேண்டாம். அதைச் சென்னையின் கடிகாரத்துக்கு ஏற்ப மாற்றினால் போதும். இந்த ஊர் எப்போதும் இரண்டு ஷிப்டில் ஓடும் ஊர். விடியற்காலை முதல் பதினொன்று வரை ஒன்று, நாலு மணிக்கு மேல் இன்னொன்று. கோயில், கடற்கரை, மார்க்கெட் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இயங்குகின்றன. டூர் மட்டும் ஆபீஸ் நேரத்தில் ஓடுகிறது!

காலை ஷிப்ட் ஆறரைக்கு மயிலாப்பூரில் ஆரம்பிக்கட்டும். கோயில், குளம், மாட வீதி, நல்ல டிபன், காபி. வெயில் ஏறுவதற்குள் சாந்தோம் வரை நடை. முடியாதவர்களுக்கு வண்டி பின்னால் வரட்டும். கடைசியில் ஐஸ் ஹவுஸ். பத்தரை, பதினொன்றுக்கு முடித்துவிடலாம். மாலை ஷிப்ட் நாலு மணிக்கு. தி.நகர் தெருக்களோ மெரினாவோ, ஏதாவது ஒன்று. பறக்கும் ரயிலில் திருமயிலையில் ஏறி, அடையாற்றைப் பாலத்தில் கடந்து, கஸ்தூரிபா நகரில் இறங்குவதே குழந்தைகளுக்கு ஒரு டூர். நடு மத்தியானம் ஓய்வு. கடைக்குப் போக வேண்டியவர் கைடு இல்லாமல் தாமாகப் போகட்டும். ஒரு டிக்கெட்டை இரண்டு அரை டிக்கெட்டாக விற்றால், ஒன்று போதும் என்பவர் ஒன்று வாங்குவார்.

விலை ஏறுமா? கொஞ்சம் ஏறலாம். கமிஷன் போனால் கைடுக்கு ஷிப்ட் கணக்கில் ஒழுங்கான சம்பளம் கொடுக்க வேண்டும். மறுபக்கம் வண்டி ஓடும் தூரம் குறைகிறது, டீசல் மிச்சம். எல்லாவற்றுக்கும் மேலே, முழு விலையும் டிக்கெட்டிலேயே தெரியும். கடையில் மறைமுகமாக வசூலாகாது.

இது கனவுத் திட்டமும் இல்லை. 2004 முதல் ஒவ்வொரு ஆகஸ்டிலும் மெட்ராஸ் தினத்தை ஒட்டி ஊர் முழுக்க நடைப்பயணங்கள் நடக்கின்றன. ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழாவிலும் நடக்கின்றன. அலாரம் வைத்து எழுந்து வந்து கேட்கிறார்கள் ஜனங்கள். ஆனால் வருபவர்களில் பெரும்பாலோர் சென்னைவாசிகள். ஊரை ஏற்கனவே தெரிந்தவர்களுக்கு நல்ல சரக்கு, ஒரே நாள் வந்து போகிறவருக்கு அவசர சரக்கு என்பது எந்த ஊர் வியாபார நியாயம்?

இன்னொரு தகவல். தாமஸ் குக் 1841 ஜூலை 5-ஆம் தேதி இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து சுமார் ஐந்நூறு பேரை ரயிலில் அழைத்துப் போனதைத்தான் பேக்கேஜ் டூரின் ஆரம்பம் என்பார்கள். தலைக்கு ஒரு ஷில்லிங். போனது லஃப்பரோ என்ற ஒரே ஊர்! ஒரு நாள், ஓர் இடம். பட்டியல் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

ஒட்டிக்கொண்டதற்கு விற்பவர்கள் மட்டும் காரணம் இல்லை. ஊருக்குத் திரும்பியவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி என்ன? 'எத்தனை இடம் பார்த்தீங்க?' அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் மனிதர் ஒன்பது இடம் ஓடுகிறார். அதைத் தெரிந்துதான் நோட்டீஸ் அடிக்கிறார்கள். அடுத்த முறை சொந்தக்காரர் யாராவது சென்னைக்கு வந்தால் பட்டியலைக் கையில் கொடுக்காமல் ஒரு விடியற்காலையை மட்டும் மயிலாப்பூருக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் எத்தனை என்று கேட்காமல், என்ன பார்த்தீங்க என்று கேளுங்கள்.

முழு ஊரையும் ஒரேயடியாகப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு மெரினா லைட் ஹவுஸ் இருக்கிறது. லிப்ட் கூட உண்டு :-)